ஆண்டர்சனின் .405-உம் பைராவின் நாட்டுத் துப்பாக்கியும்

வேட்டை நூல்களை ஆர்வமா படிக்கிறவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல இந்தக் கேள்விக்கு வந்து சேர்றாங்க: மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா பொருத்தம்? கேள்வி என்னவோ அப்பாவியாத்தான் இருக்கு. ஆனா சேர்வராயன் மலையை மனசுல வெச்சுக்கிட்டு இதுக்குப் பதில் தேடினால், கென்னத் ஆண்டர்சனின் புத்தகங்களையே வேற மாதிரி படிக்க வேண்டியதாயிடுது. இந்தக் குறிப்பு அதைப் பத்தினது.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆரம்பத்துல லைசென்ஸோட வேட்டைக்கு இடம் வெச்சிருந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவையும் சாத்திடுச்சு. ஏற்காட்டுல இன்னைக்கு மான் சுட்டால் சிறைதான். அதனால இது வேட்டைக்காரங்களுக்கான வழிகாட்டி இல்லை, புத்தக விமர்சனம்.

ஆண்டர்சன் (1910–1974) பெங்களூர்க்காரர். அவருடைய முதல் புத்தகம், 'ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு முரட்டு யானையும்', 1954-ல் வந்தது. அவர் சுற்றித் திரிந்த பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடெல்லாம் அப்போ சேலம் மாவட்டம். தருமபுரி தனியாப் பிரிந்தது 1965-ல்தான். ஏற்காடும் அந்தக் காடுகளும் அன்னைக்கு ஒரே கலெக்டர் ஆளுகை. துப்பாக்கி லைசென்ஸும் அதே கலெக்டர் ஆபீஸ்தான். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். கைப்பிடிக்குக் கீழே இருக்கிற லீவரைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். 300 கிரெயின் குண்டு. கிராமில் சொன்னால் 19 சொச்சம், நம்ம கணக்கில் கிட்டத்தட்ட இரண்டரைப் பவுன். வினாடிக்கு 670 மீட்டர் வேகம். அமெரிக்க அதிபரா இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு போனதும் இதே ரகம்தான். பிரிட்டிஷ் கம்பெனிகளின் இரட்டைக்குழல் ரைஃபிள்களோட ஒப்பிட்டால் விலை பல மடங்கு குறைவு. தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் ஆள் வாழ்நாள் முழுக்க இதையே வெச்சுக்கிட்டது எனக்கு ஆச்சரியமா இல்லை. தூரமா சுட்டால் குண்டு ரொம்பத் தாழும், இருநூறு கெஜத்துக்கு மேல இதை நம்பக் கூடாது என்பாங்க. சரி, நம்ம காட்டுல இருநூறு கெஜம் எங்கே தெரியுது?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துல ஒரு தடவை நடந்து பாருங்க. மேலே சில்வர் ஓக், அதுல ஏறின மிளகுக் கொடி, கீழே இடுப்பு உயரத்துக்குக் காப்பிச் செடி, எல்லாமே சரிவு. முப்பது நாப்பது மீட்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிற பன்றி தெரியாது, உறுமல்தான் கேட்கும். இங்கே தட்டையாப் பறக்கிற அதிவேகத் தோட்டாவுக்கு வேலையே கிடையாது. அதே சமயம், கனத்த குண்டு புதரைக் கிழிச்சுக்கிட்டு நேராப் போகும்னு பழைய ஆட்கள் சொல்றதையும் அப்படியே எடுத்துக்க வேண்டாம். குச்சியில பட்டால் எந்தக் குண்டும் விலகத்தான் செய்யும். கனமானது கொஞ்சம் கம்மியா விலகலாம், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் ஜிம் கார்பெட். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது .275 ரிக்பி, அதாவது 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டா. சம்பாவத் புலியைக் கொன்றதுக்காக 1907-ல் பரிசாக் கிடைச்சது. ஆண்டர்சன் குண்டோட எடையில் பாதிகூட இருக்காது. ஆப்பிரிக்காவுல பெல் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் இதே தோட்டாவால யானைகளையே நூற்றுக்கணக்கில் சாய்ச்சார். இதை எடுத்துக்காட்டி ‘சின்னத் தோட்டாவே போதும்’னு வாதாடுற கூட்டம் ஒண்ணு, ‘பெருசுதான் பாதுகாப்பு’ங்கிற கூட்டம் இன்னொண்ணு. நூறு வருஷமா இந்தச் சண்டை ஓயலை. உண்மையில் பெல்லின் ரகசியம் யானையின் மண்டையோட்டு அமைப்பு அவருக்கு அத்துப்படியா இருந்ததுதான். பன்றிக்கும் அதே கதைதான்: இதயம் ரொம்பத் தாழ, முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கு. ஆண் பன்றியின் தோள்பட்டை மேல குருத்தெலும்பு மாதிரி தடிச்ச தோல், கேடயம் மாட்டின மாதிரி. எங்கே படுது, பட்டபின் குண்டு விரியுதா என்பதுதான் விஷயம்.

விரியிற குண்டைப் பத்தி ஒரு சின்ன விலகல். முனை மெத்தென்ற ஈயமா இருந்தால் உடம்புக்குள் போய் மலர்ந்து பெரிய காயம் உண்டாக்கும். 1890-களில் கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதச்சாலையில் செஞ்சதால அதுக்கு டம்டம் குண்டுன்னே பேர் வந்தது. 1899 ஹேக் மாநாட்டுல போரில் இதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு முடிவாச்சு. ஆனா வேட்டையில் விரியாத குண்டால் சுடறதைத்தான் கொடூரம்னு சொல்றாங்க. துளைச்சுக்கிட்டு வெளியே போயிடும், மிருகம் மைல் கணக்கா ஓடி எங்கேயோ கிடந்து சாகும். மனுஷனுக்குக் கூடாதது மானுக்குக் கருணை. ஷிகார் நூல்கள் இந்த முரணைத் தொடவே தொடாது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஆண்டர்சன் கதைகளில் மறக்க முடியாத ஆட்கள் பைராவும் ரங்காவும். இருவருமே திருட்டு வேட்டையில் கைதேர்ந்தவங்கன்னு அவரே பிரியமாத்தான் எழுதுறார். காட்டை அவருக்குக் கத்துக் கொடுத்ததில் பைராவுக்குப் பெரிய பங்கு. ஆனா தன் துப்பாக்கியின் எண்ணையும் கம்பெனியையும் கதைக்குக் கதை சொல்ற மனுஷர், இவங்க கையில இருக்கிற ஆயுதத்தை ‘மேட்ச்லாக்’ங்கிற ஒரே சொல்லோட முடிச்சுக்கிறார். அந்தச் சொல்லே சந்தேகம். திரி வெச்சுப் பத்த வைக்கிறதுதான் மேட்ச்லாக். அந்தக் காலத்து ஆங்கில நூல்கள் கிராமத்தான் துப்பாக்கி எல்லாத்துக்குமே இதைப் பொதுச்சொல்லா வெச்சிருந்தாங்க. மலையில் புழங்கினது பெரும்பாலும் வாய்வழியே கரிமருந்து கிட்டிச்சு, கேப் வெச்சுச் சுடுற நாட்டுத் துப்பாக்கி.

அதோட திறன் என்ன? குழலுக்குள் மரை கிடையாது. உருண்டைக் குண்டு, கிடைச்ச ஈயம்; பின்னாளில் சைக்கிள் பால்ரஸ். பால்ரஸ் இரும்பு, உடம்புக்குள் விரியாது. எடையும் இல்லை, கொஞ்ச தூரத்துலயே வேகம் போயிடும். இருபது தப்படிக்குள் நின்னு சுட்டால் மான் விழும். அதைத் தாண்டினால், குறிப்பா அந்தக் கேடயத்தோல் பன்றிமேல, காயம்தான் மிஞ்சும். மறுபடி மருந்து கிட்டிக்கிறதுக்குள் பன்றி ஓடைக்குள் இறங்கியிருக்கும்.

இங்கேதான் வேட்டை இலக்கியத்தின் பெரிய ஓட்டை. புலி ஏன் ஆட்கொல்லி ஆகுது? கார்பெட் 1944-ல் எழுதினது: பெரும்பாலும் காயம்தான் காரணம், அந்தக் காயம் சரியாச் சுடாம, தேடியும் போகாம விட்ட வேட்டையாலோ முள்ளம்பன்றி முள்ளாலோ வந்திருக்கும். ஆண்டர்சனும் திரும்பத் திரும்ப இதைச் சொல்றார். சரியான விளக்கம்தான். ஆனா அவர் பக்கங்களில் அந்த மோசமான வெடியைப் போட்டவர் அடிக்கடி ஒரு கிராமத்தான். காயம்பட்டதைத் தேடிப் போய் முடிச்சு வைக்கிறவர்.405 வெச்சிருக்கிற துரை. ஒருத்தருக்கு அசட்டை, இன்னொருத்தருக்கு அறம். அந்தக் கிராமத்தான் கையில ஏன் அந்தத் துப்பாக்கி மட்டும் இருந்ததுங்கிற கேள்வியை அவர் எங்கேயும் நின்னு கேட்டதா எனக்குப் படலை.

பதில் சட்டப் புத்தகத்துல இருக்கு. வைஸ்ராய் லிட்டன் காலத்து 1878 ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு இன விலக்கு எழுத்தளவில் போச்சு, லைசென்ஸ் கலெக்டர் கையிலேயே இருந்தது. ஏற்காட்டுக் காப்பித் துரை ரைஃபிள் வெச்சுக்கலாம். பக்கத்து மலையாளிக் கிராமத்தான் (கேரளக்காரர் இல்லை, இந்த மலையின் பழங்குடி) சாமையையும் கேழ்வரகையும் பன்றிகிட்டே இருந்து காப்பாத்த என்ன வெச்சுக்கலாம்?

சுதந்திர இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம், 13ஆவது பிரிவு, தெளிவாச் சொல்லுது: பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கிட்டிக்கிற துப்பாக்கி. அது போதாதுன்னு அதிகாரிக்குத் திருப்தியானால், மரையில்லாத வேற துப்பாக்கி தரலாம்னு ஒரு விலக்கு வாசகம். படிச்சப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரிமருந்துத் துப்பாக்கி ராணுவத்தில் இருந்து ஒழிஞ்சு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, விவசாயிக்குன்னு அதையே சட்டம் எழுதி வைக்குது. காட்டுப்பன்றிக்கு எது பொருத்தம்ங்கிற கேள்விக்கு இங்கே பதில் சொன்னது நாடாளுமன்றம். எந்தத் துப்பாக்கி கலகத்துக்கு உதவாதோ அது.

ரைஃபிள் விஷயத்திலும் இதே தர்க்கம்தான். ராணுவத்தின் .303 பொதுமக்களுக்குத் தடை. அதனால பழைய ஆஸ்திரிய மான்லிகர் தோட்டாவை எடுத்து .315-ன்னு ஒரு ரகம் இந்தியாவுல நிலைச்சது. அரசுத் தொழிற்சாலை இன்னைக்கும் செய்யுது. 244 கிரெயின் குண்டு, நிதானமான வேகம். யாரும் பன்றிக்காகத் தேர்ந்தெடுக்கலை. ராணுவத் தோட்டா அதுக்குள் நுழையாது என்பதே அதோட தகுதி. கடைசியில் காப்பித் தோட்டத்துக்கு ஒத்துப்போற மாதிரி அமைஞ்சது வெறும் தற்செயல். பன்னிரண்டு போர் துப்பாக்கி வெச்சிருந்த எஸ்டேட்காரங்க எல்.ஜி., எஸ்.ஜி. ரவையை நம்பினாங்க. நாப்பது கெஜத்தைத் தாண்டினால் ரவை சிதறி, அதுவும் நாட்டுத் துப்பாக்கி மாதிரியே காயப்படுத்துற ஆயுதம்தான். எஸ்டேட்காரர் விட்ட காயம் மட்டும் ஷிகார் நூல்களில் ‘துரதிருஷ்டம்’ ஆயிடும்.

ஆண்டர்சனைக் குறைச்சுப் பேசறதா நினைக்க வேண்டாம். காயம்பட்ட மிருகத்தைப் பின்தொடர்ந்து போறதை அவர் எழுதுற இடங்கள், பயத்தை ஒளிக்காம எழுதினவை; இன்னைக்கும் அந்தப் பக்கங்களை வேகமாப் புரட்ட முடியாது. குழல்மேல டார்ச் கட்டி இரவில் சுடறதோட சங்கடங்களை அவர் அளவுக்கு எழுதினவங்க கம்மி. என் புகார் ஒண்ணுதான்: பைராவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, பைராவின் துப்பாக்கியைக் கதைக்கு வெளியே விட்டுட்டார். அவரை விட நல்லா அதை எழுதியிருக்கக் கூடியவர் வேற யார்?

அந்தத் துப்பாக்கியின் கதை இன்னும் முடியலை. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மலைக்கிராமங்களில் போலீஸும் வனத்துறையும் அவ்வப்போது கெடு வெச்சு, லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்றாங்க. ராத்திரியோட ராத்திரியா ஊர் எல்லையில் போட்டுட்டுப் போயிடுவாங்க, காலையில் வண்டியில் அள்ளுவாங்க. துப்பாக்கி போன பிறகு பன்றி போகுமா? சில இடங்களில் அவுட்டுக்காய் வருது. பன்றிக்குன்னு வெச்ச வெடியைக் கடிச்சு வாய் கிழிஞ்ச யானைகள் பட்டினியா நாள்கணக்கில் கிடந்து சாகுது. காயத்தின் கணக்கில் நாட்டுத் துப்பாக்கியை விடப் பல மடங்கு மோசம்.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றியைச் சுட ஒரு ஏற்பாட்டை அறிவிச்சது. காப்புக்காட்டு எல்லையில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒண்ணுல இருந்து மூணு வரை பிடிச்சுக் காட்டில் விடணும். மூணுக்கு மேல் வனத்துறைப் பயிற்சி பெற்றவங்க சுடலாம். செய்திகளில் பேச்செல்லாம் இந்தத் தூரக் கணக்கைப் பத்தித்தான். எந்தத் தோட்டா, யார் தேடிப் போய் முடிச்சு வைப்பாங்க என்பது விவாதத்துக்கே வரலை. .30-06 மாதிரி ஒரு ரைஃபிள் குண்டு தடை இல்லாமப் போனால் மூணு கிலோமீட்டரைத் தாண்டும்; சமவெளியில் தட்டையா சுட்டால் அடுத்த ஊர் ஞாபகம் இருக்கணும். மலையில் சரிவைப் பார்த்துச் சுட்டால் மண்ணே வாங்கிக்கும், கீழ்நோக்கிச் சுட்டால் லைன் வீடுகளும் கொண்டை ஊசி வளைவுகளும் இருக்கு.

ஆனா ஏற்காட்டுக்கு அந்தக் கவலை பெருசா வராது. மலையைச் சுத்தியும் நடுவிலும் காப்புக்காடு. வரைபடத்தை விரிச்சு மூணு கிலோமீட்டர் கோடு போட்டுப் பார்த்தால், வெளியே விழுற தோட்டம் சொற்பமாத்தான் இருக்கும்னு தோணுது. மத்தவங்க பன்றியைப் பிடிச்சுக் காட்டில் விடச் சொல்லிக் காத்திருக்கணும், இல்லேன்னா தகரத்தைத் தட்டிக்கிட்டு ராத்திரி கண் முழிக்கணும்.