மறுவாழ்வைக் கொடுப்பது யார்?

திருமணமான பெண்ணை 'வாழ்க்கைப்பட்டாள்' என்கிறோம். கணவனைப் பிரிந்து பிறந்த வீடு திரும்பினால் அவள் 'வாழாவெட்டி'. பெண்ணுக்கு வாழ்வு என்றால் திருமணம்தான் என்பது நம் பேச்சில் ஊறிக் கிடக்கிறது. அதனால்தான் கைம்பெண்ணை மணக்கும் ஆண் 'மறுவாழ்வு கொடுத்தவர்' ஆகிறார். மனைவியை இழந்த ஆண் மறுமணம் செய்துகொண்டால், மணந்தவள் அவனுக்கு மறுவாழ்வு கொடுத்தாள் என்று எவரும் சொல்வதில்லை.

அரசு ஆவணங்களில் இந்தச் சொல் வரும்போதும் கொடுப்பவர், பெறுபவர் என்ற இந்த ஏற்பாடு கூடவே வருகிறது. இந்தியாவின் 1956ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டப்படி, 'மீட்கப்பட்ட' பெண்ணைப் பாதுகாப்பு இல்லத்தில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை வைத்திருக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். குற்றவாளிக்குத் தண்டனைக்காலம், குற்றமற்றவளுக்கு மறுவாழ்வுக்காலம். இரண்டிலும் கதவு வெளியிலிருந்துதான் பூட்டப்படுகிறது. விருப்பத்துக்கு மாறாக அங்கே வைக்கப்பட்டுள்ள வயதுவந்த பெண்களைக் கண்டறிந்து விடுவிக்க நடவடிக்கை எடுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2022இல் மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

ஈழத்தில் இந்தச் சொல் 'புனர்வாழ்வு'. 2009இல் போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெண்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் மீது வழக்கு விசாரணையே நடக்கவில்லை. ஆயுதம் ஏந்திய பெண்களுக்குத் தையலும் அழகுக்கலையும் கற்றுக்கொடுத்தார்கள். 2010 ஜூனில் வவுனியாவில் 53 ஜோடிகளுக்கு ஒரே மேடையில் திருமணம் நடந்தது. அந்தப் பெண்கள் விரும்பியே மணந்திருக்கலாம். அது அவர்கள் உரிமை. ஆனால் அந்தத் திருமணங்களைப் புனர்வாழ்வின் சாதனையாக அரசு காட்சிக்கு வைத்ததை என்னவென்று சொல்வது? பெண்ணைப் பழைய இடத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பதே அங்கே 'புனர்' என்பதற்குப் பொருளானது.

அதற்காக இந்தச் சொல்லையே தூக்கி எறிந்துவிட வேண்டியதில்லை. மனித மலத்தை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே மறுவாழ்வு இருக்கிறது. அந்த வேலையில் தள்ளப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். அவர்களுக்கு உதவித்தொகையும் வீடும் தொழிற்பயிற்சியும் கடனும் தரவேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் எத்தனையோ குறைகள் உண்டு. ஆனாலும் இங்கே மறுவாழ்வு என்பது கருணை அல்ல. பல தலைமுறைகளாகச் சமூகம் செலுத்தாமல் வைத்திருக்கும் கடன் அது.

ஆகவே, மறுவாழ்வுத் திட்டம் என்று எதைக் கேள்விப்பட்டாலும் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு அவள் வெளியேற முடியுமா? என்ன வேலை என்பதை அவளே தேர்ந்தெடுத்தாளா? வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது? இதற்கெல்லாம் பதில் இல்லையென்றால், அங்கே நடப்பது மறுவாழ்வு அல்ல, காவல்.