பிறப்பை வெறுக்கும் நாயகர்கள்: ‘தி பிலீவர்’ முதல் ‘தங்கலான்’ வரை

தன் பிறப்பைத் தானே வெறுக்கும் மனிதனைப் பற்றிய படங்களில் ஹென்றி பீன் இயக்கிய ‘தி பிலீவர்’ (2001) தனி இடம் பெறுகிறது. யூத வேதப் பள்ளி மாணவனாக, ஆபிரகாம் மகனைப் பலியிடத் துணிந்த கதையை வைத்து ஆசிரியரோடு வாதாடிய டேனி பாலிண்ட், வளர்ந்தபின் நாஜிச் சின்னம் அணிந்து யூதர்களை அடிக்கிறான். ஆனால் கூட்டாளிகள் ஜெப ஆலயத்தைச் சூறையாடும்போது தோரா சுருளுக்கு இழைக்கப்படும் அவமதிப்பை அவனால் தாங்க முடிவதில்லை. ரையன் காஸ்லிங் நடித்த இப்பாத்திரத்துக்கு மூலமானவர் டேனியல் பரோஸ் என்ற அமெரிக்கர். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பில் இருந்த அவர் யூதர் என்பதை 1965 அக்டோபர் 31 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டது. அன்றே அவர் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். இந்தத் தன்வெறுப்பு மனநிலையை ஆராய்ந்து தியோடர் லெஸ்ஸிங் 1930-இலேயே ஜெர்மனியில் ஒரு நூல் எழுதியிருந்தார்.

பரோஸால் ஒளிந்து வாழ முடிந்தது, தெரிந்தபோது சாவும் நேர்ந்தது. ஆனால் ‘தங்கலான்’ கதை தொடங்கும் வட ஆற்காட்டுக் கிராமத்தில் பிறப்பை ஒளிப்பதற்கு வழியில்லை. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்றிருக்கும் இடத்தில் ஒருவரின் தெருவே அவர் சாதியைச் சொல்லிவிடும். அதனால் இங்கே தன்வெறுப்பு வேடம் போடுவதில்லை. மேலே உள்ளவர்கள் தன்னை ஏற்கவேண்டும் என்ற ஏக்கமாகவும் பக்தியாகவும் வெளிப்படுகிறது.

இதன் மிகப் பழைய வடிவம் நந்தனார் கதை. பெரியபுராணத்தில் அவர் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுப்பவர். அவர் தந்த தோல் கோயிலுக்குள் போகிறது, அவர் வெளியே நிற்கிறார். தன் பிறவியே தடை என்று வருந்தி, தில்லையில் தீ புகுந்து, பூணூல் அணிந்த முனிவராக எழுகிறார். கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேடமேற்ற ‘பக்த நந்தனார்’ (1935), தண்டபாணி தேசிகர் நடித்த ‘நந்தனார்’ (1942) ஆகிய படங்கள் இக்கதையை இசையாலும் கண்ணீராலும் ஊரெங்கும் கொண்டுசென்றன. தன்னையே தாழ்த்திக்கொள்ளும் அந்த வேதனை பக்தியின் உச்சமாகவே கொண்டாடப்பட்டது. அந்தக் கொண்டாட்டத்துக்குள் இருந்த கொடுமையைத் தமிழ்த் திரை உணர வெகுகாலம் ஆயிற்று.

பின்வந்த படங்கள் வெட்கத்தை வெட்கமாகவே காட்டின. நாகராஜ் மஞ்சுளேவின் மராத்திப் படம் ‘ஃபன்ட்ரி’யில் (2013), பள்ளித் தோழர்கள் பார்க்கப் பன்றி பிடிக்க நேரும் ஜாப்யா கூனிக்குறுகுகிறான். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) நாயகன், பெண் வேடமிட்டு ஆடும் தந்தையை மறைத்து, வேறொருவரைத் தந்தை என்று கல்லூரிக்கு அழைத்து வருகிறான்.

வட ஆற்காட்டில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்துக்கு இந்த வெட்கம் அந்நியமானதல்ல. ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட காலம் முதல், சுண்ணாம்புக் குழியில் இறங்கும் வேலை பெரும்பாலும் தலித்துகள் மேல் விழுந்தது. முதலாளிகளில் பலர் முஸ்லிம் வணிகர்கள். பதனிட்ட தோல் கடல் கடந்து போய் மதிப்புப் பெற்றாலும், அதைத் தொட்ட கையின் மேல் சுமத்திய தீட்டு ஊரில் அப்படியே நின்றது.

பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) இதே வட ஆற்காட்டு மண்ணில் தொடங்குகிறது. அதன் வசனத்தில் பங்காற்றியவர் பேரணாம்பட்டைச் சேர்ந்த எழுத்தாளர் அழகிய பெரியவன். நிலம் பறிபோன தங்கலான், வெள்ளைக்காரத் துரையோடு கோலாருக்குப் பொன் தேடிப் போகிறான். துரை தந்த உடையில் குதிரையேறி ஊர் திரும்பும்போது அவன் முகத்தில் தெரியும் பெருமிதம், ஏற்கப்பட்டுவிட்டோம் என்ற மயக்கம். பொன்னைக் காக்கும் ஆரத்தியைப் பகையாக எண்ணிப் போராடும் அவன், தானும் அவள் கூட்டத்தான், புத்தனை வணங்கிய மரபினன் என்று கடைசியில்தான் அறிகிறான். அவன் ஆயுதம் ஓங்கியது தன் முன்னோர் மேலேயே. டேனி பாலிண்டுக்கு மிக நெருங்கிய தமிழ்ப் பாத்திரம் இவன்தான். பசுபதி நடித்த கெங்குப்பட்டர் இன்னும் கூர்மையானவர்: நாமமும் பூணூலும் தரித்து, வைகுண்டத்தில் தனக்கும் இடமுண்டு என்று நம்புகிறார். நந்தனாருக்குத் தீ கொடுத்த பூணூலை இவர் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். மாயக் காட்சிகள் நெருக்கியடிக்கும் படத்தில் இவருக்குக் கூடுதல் இடம் தந்திருக்கவேண்டும்.

படத்தின் பௌத்த நினைவு தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் (1845–1914) வழி வந்தது. பறையர் பூர்வ பௌத்தர், வீழ்த்தப்பட்டதால் இழிவு சுமத்தப்பட்டவர் என்பது அவர் வாதம். அவர் 1898-இல் தொடங்கிய பௌத்த இயக்கம் வட ஆற்காட்டுத் தொழிலாளர் நிறைந்த கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும், ஆம்பூருக்கு அருகே திருப்பத்தூரிலும் வேரூன்றியது. டேனி வெறுத்தாலும் திரும்பிப் போக அவனுக்கு ஒரு வேதநூல் கையில் இருந்தது. தங்கலானுக்கு அப்படி ஒன்று விட்டுவைக்கப்படவில்லை. அதனால் ‘தங்கலான்’ தன் நாயகனின் வெறுப்பை நீக்குவதற்கு முன் அவனுக்கொரு கடந்தகாலத்தைக் கட்டித்தர வேண்டியிருந்தது; படத்தின் பாதி நேரம் அந்த வேலைக்கே போகிறது.