ஜனவரி மாதத்து விநோதக் கல்வி

சார்லஸ் நதியின் மேல் பனிக்காற்று சீறிக்கொண்டிருக்கும் ஜனவரி மாதத்தில், இரண்டு பருவங்களுக்கு இடைப்பட்ட சுமார் நான்கு வாரங்களை, ஆசிரியரும் மாணவரும் தத்தம் மனத்துக்கு உகந்ததைக் கற்கவும் கற்பிக்கவும் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரத்து எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகம் விட்டுவைக்கிறதே, அந்த ஏற்பாட்டை நினைக்குந்தோறும் எனக்குப் பொறாமை கலந்த ஆனந்தம் உண்டாகிறது.

1971-இல் பிறந்த இந்த ஸம்பிரதாயத்தில் என்னை மிகவும் வசீகரித்தது, 1993-இல் தோன்றிய நாகரிகப் பள்ளிதான். சிக்கலான சமீகரணங்களை நொடியில் அவிழ்க்கும் மேதாவிகள், கழுத்துப்பட்டை முடிச்சில் தோற்று நிற்பதும், விருந்து மேசையில் எந்தக் கரண்டியை முதலில் எடுப்பது என்று சிரத்தையோடு பயில்வதும், முடிவில் அதற்கென்றே வேடிக்கையாக வழங்கப்படும் பட்டத்தைப் பெற்று மகிழ்வதும் எத்தனை ரசமான காட்சி! (நம் வீடுகளில் இந்தப் பாடத்தைப் பாட்டிமார் இலவசமாகவே, சற்று உரத்த குரலில், நடத்திவிடுவார்கள்.)

1981 முதல் நடந்துவரும் புதிர்வேட்டையோ வேறு ரகம். குழு குழுவாக மாணவர்கள், பழைய மாணவர்களும் உடன்சேர, நித்திரை துறந்து, புதிருக்குள் புதிராக அவிழ்த்து, வளாகத்தில் ஒளித்துவைத்த ஒரு நாணயத்தைத் தேடி அலைகிறார்கள். கண்டெடுத்த குழுவுக்குக் கிடைக்கும் பரிசு என்ன தெரியுமோ? அடுத்த ஆண்டுக்கான புதிர்கள் அனைத்தையும் தாமே இயற்றித் தரும் பெரும்பாரம்!