பெயர் கிடைக்கும் முன்னரான கதை

'மை நேம் இஸ் கான்' 2010இல் வந்தபோது நம்மவர் பலர் அதனைக் கொண்டாடினார்கள். 2001 செப்டெம்பருக்குப் பின்னரான முஸ்லிமின் கதை என்றே அது பேசப்பட்டது. கதாநாயகன் ரிஸ்வானுக்கு அஸ்பேர்ஜர் என்னும் ஓட்டிச நிலை இருந்தமை நமது உரையாடல்களில் ஓரமாக ஒதுங்கிவிட்டது. கரண் ஜோஹரின் படத்திலும் அது சட்டென முடிந்துவிடும் சங்கதிதான். மும்பையில் தாய் அவனை எந்தப் பெயரும் அறியாமலே வளர்த்துவிடுகிறாள். அமெரிக்கா போன பிறகு, உளவியல் படித்த தம்பி மனைவி ஹஸீனா அவனது நிலையை இனங்காண்கிறாள். தமிழில் வந்த 'ஹரிதாஸ்' (2013) இதைவிடப் பொறுமையான படைப்பு. எனினும் பையன் ஓடத் தொடங்கியதும் படமும் அவனோடு ஓடிவிடுகிறது.

இரண்டிலும் விடுபட்டிருப்பது பெயர் கிடைப்பதற்கு முன்னரான காலம். கண்டியைச் சூழவுள்ள நமது குடும்பங்களுக்கு அதுவே மிக நீண்ட காலம். அக்குறணையிலோ மடவளையிலோ மூன்று வயதாகியும் பேசாத பிள்ளைக்கு முதலில் கிடைப்பது, "இவன்ட வாப்பாவும் பிந்தித்தான் பேசின" என்ற மூத்தம்மாவின் ஆறுதல். அடுத்தது ஓதிய தண்ணீர். அதன் பிறகுதான் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கான பஸ். ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளைக்குக் 'குழப்படி' என்ற சொல் நம்மிடம் தயாராக இருப்பதால், ஏ.டி.எச்.டி. என்று யோசிக்க இன்னும் தாமதமாகிறது. பெண் பிள்ளையாயின் 'அடக்கமானவள்' என்ற பாராட்டே வழியை மறித்துவிடும்.

பரிசோதனை என்று போனால் அங்கே முதலில் நடப்பது தாயிடம் கதை கேட்பதுதான். எம்-சாட் என்ற வினாக்கொத்தின் முதல் வடிவில் 23 கேள்விகள் இருந்தன. விடை 'ஆம்' அல்லது 'இல்லை'. பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர் இலங்கையில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடம் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. சிறிய ஆய்வுதான். ஆனால் அப்பிள்ளைகளில் நால்வருக்கு ஒருவரையே அந்த வினாக்கொத்து இனங்கண்டது என்பது எழுதுபவர் கவனிக்க வேண்டிய செய்தி. தாய்மார் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. உம்மாவின் கையைப் பிடித்திழுத்துப் பிஸ்கட் டின்னின்மேல் வைக்கும் பிள்ளை இருக்கிறது. "வேண்டியதைச் சுட்டிக் காட்டுமா?" என்று கேட்டால் அந்த உம்மா 'ஆம்' என்றுதான் சொல்வாள். அவளுக்கு அதுவும் காட்டுதலே. வைத்தியர் தேடுவதோ விரலை. கேள்வி சிங்களத்தில் வந்து, பதில் தமிழில் தடுமாறினால் இடைவெளி இன்னும் அகலும். பிற்பாடு அதே பேராசிரியரும் சகாக்களும் படங்களைக் காட்டிக் கேட்கும் முறையொன்றை உருவாக்கி 2017இல் வெளியிட்டார்கள். காட்சியாகக் காட்டினால் தாய்க்குத் தன் பிள்ளை தெரிகிறது.

நமது சிறுகதைகளில் இப்பிள்ளைகள் வராமலில்லை. ஊமையாக, அப்பாவியாக, பெற்றோரின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையாக, கடைசி வரியில் வாசகரை அழவைக்கும் உபாயமாக வருகிறார்கள். நான் வாசித்தவற்றில் அந்தக் கையும் பிஸ்கட் டின்னும் இல்லை. அண்மைக்காலத்தில் சிலர் 'மதியிறுக்கம்' என்ற கலைச்சொல்லைப் போட்டுவிட்டுத் திருப்தியடைகிறார்கள். (அச்சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளையின் மதி இறுகியிருப்பதாக யார் கண்டது?) பெயர்களோ நிலைத்து நிற்பதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் திருத்திய கைநூலில் அஸ்பேர்ஜர் தனி நோய்ப்பெயராக இல்லை. ரிஸ்வானின் பெயர் மூன்றே வருடத்தில் பழையதாகிவிட்டது. முந்திய பதிப்பில் ஒரே பிள்ளைக்கு ஓட்டிசத்தையும் ஏ.டி.எச்.டி.யையும் சேர்த்துச் சொல்ல இடமிருக்கவில்லை. அதுவும் அதே திருத்தத்தில்தான் மாறியது.

பெயரை நம்பி எழுதிய கதை இப்படிப் பழசாகும். பேராதனையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், மடியில் உறங்கும் பிள்ளையோடு, வீட்டில் மாமி கேட்டால் எந்தச் சொல்லால் சொல்வது என்று உம்மா தேடிக்கொண்டிருக்கிறாளே, அந்தக் கதையை நம்மில் யாராவது எழுதித் தந்தால் முதலில் வாசிக்கக் காத்திருக்கிறேன்.