அடைமழையும் நெடுநல்வாடையும்

நம்மவர் சிறுகதைகளில் மழை பெய்யாதவை குறைவு. மழையோடு வீட்டுக்குள் இருந்தவை அதனினும் குறைவு. தலாக் கடிதம் வரும்போது மழை பெய்யும். மையித்து எடுக்கும்போது மழை பெய்யும். அடுத்த பந்தியில் வானம் வெளித்துவிடும். கார்த்திகை தொடங்கித் தை வரை மாரி பொழியும் கிழக்குக் கரையில் இருந்துகொண்டு, மழையை இப்படிக் கூலிக்கு அழைத்து அனுப்பிவிடுகிறோமே என்பதுதான் என் முறைப்பாடு.

சூறாவளி வேறு சங்கதி. 1978 நவம்பர் 23 இரவை எங்கள் பகுதி மூத்தவர்கள் இன்றும் மணிக்கணக்கில் சொல்வார்கள். கூரை எப்போது பறந்தது, தென்னை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எல்லாம் ஒழுங்காக வரும். ஓர் இரவுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. கதைக்கு அது வசதி. பத்துப் பன்னிரண்டு நாட்கள் விடாது பெய்யும் அடைமழைக்கு அப்படியொன்றும் இல்லை. ஒன்றும் நடவாமல் இருப்பதே அங்கு நடப்பது. அதை எப்படி எழுதுவது என்று கேட்கும் இளையவர்களுக்கு நான் காட்டுவது நக்கீரரின் நெடுநல்வாடையை.

ஆசிரியர் கலாசாலையில் அந்நூல் எங்களுக்கு ஒரு வழக்காகவே வந்து சேர்ந்தது: அகமா, புறமா? வேலில் வேப்பந்தழை கட்டியிருப்பதால் பாண்டியனின் அடையாளம் வெளிப்பட்டுவிட்டது, எனவே புறமே என்பார் நச்சினார்க்கினியர். பரீட்சைக்கு இது போதும். (அகம் என்றால் வீடும்தானே என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.) 188 அடிகள் கொண்ட அப்பாட்டில் எனக்குப் பெரிதாகப் படுவது, வேலை இழந்து கிடக்கும் பொருட்கள். சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. விசிறியைச் சுருக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதில் சிலந்தி நூல் கட்டிவிட்டது. குவிந்த வாய்க் கலத்துத் தண்ணீரை யாரும் தொடுவதில்லை, எல்லோரும் நெருப்புச் சட்டியை நாடுகிறார்கள். தென்றலுக்காகத் திறக்கும் மேல்மாடிக் கதவுகள் அடைபட்டுள்ளன. யாழ் நரம்பு குளிரில் நிலைகுலைந்துவிட்டது. மழை நெடுநாளாகப் பெய்கிறது என்று புலவர் சொல்லவேண்டிய தேவையே இல்லை. சிலந்தி சொல்லிவிடுகிறது.

அடுத்தது பொழுது. வெயில் இல்லாததால் மாலை வந்ததே தெரியவில்லை. தட்டில் வைத்த பூவரும்புகள் விரிந்ததைக் கண்டுதான் பெண்கள் விளக்கேற்றுகிறார்கள். வீட்டுப் புறா இரை தேடவும் போகாமல், இரவு பகல் தெரியாமல், இறப்புப் பலகையில் காலை மாற்றி மாற்றி நிற்கிறது. மாரியில் வீட்டுக்குள் அடைபட்ட மனிதனை இதைவிடச் சரியாக எழுதிய இடத்தை நான் தமிழில் வாசித்ததில்லை. அலுப்பு, சோர்வு, தனிமை என்ற சொற்களில் ஒன்றாவது அங்கு உண்டா? ஒரு புறாவின் கால் போதுமாயிற்று.

இந்த இடத்தில் நம் எழுத்தாளர்களை நினைத்து ஆற்றாமையாக இருக்கிறது. நம்மிடம் பொருட்கள் இல்லையா? மருதமுனைத் தறிக்காரருக்கு மாரி என்றால் சாயமிட்ட நூல் காயாது. நூல் காயாவிட்டால் தறி கிடக்கும். தறி கிடந்தால் கடையில் கடன் கொப்பி நீளும். கரையில் ஏற்றிக் கவிழ்த்த தோணி, மூலையில் சாத்திய மண்வெட்டி, புகைந்து புகைந்து உம்மாவின் கண்ணை எரிக்கும் ஈர விறகு, அடுப்படிக்கு மேலே கொடியில் கிடந்து புகை மணக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் எங்கே போயின? முகத்துவாரத்தை வெட்டிவிடச் சொல்லி ஆண்கள் சந்தியில் நின்று வாதிடும்போது, முற்றத்துத் தண்ணீர் வாசற்படிக்கு இன்னும் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருப்பவள் யார்? அவளை விட்டுவிட்டு “வானம் அழுதது” என்று எழுதுகிறோம்.

நெடுநல்வாடையைக் குறையற்றது என்று நான் சொல்லவரவில்லை. அரண்மனைக்குள் நுழைந்ததும் பாட்டு நெடிது நின்றுவிடுகிறது. மனைக்கு நூல் பிடித்தது, யவனர் செய்த பாவை விளக்கு, போரில் பட்ட யானையின் தந்தம் பதித்த கட்டில் என்று விவரித்துக்கொண்டே போகிறார். அரசி துயிலாதது கணவன் பாசறையில் இருப்பதால். அரிசிப் பானை அவள் கவலை அல்ல. அரசன் நள்ளிரவில் புண்பட்ட வீரரைப் பார்க்கச் செல்லும் முடிவு உயர்ந்ததே. ஆனாலும் என் மனம் பாட்டின் தொடக்கத்திலேயே தங்கிவிடுகிறது.

அங்கே இடையர்கள் வெள்ளத்தை வெறுத்து, மந்தையை வேற்று நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பழகிய இடத்தை விட்ட கலக்கத்தோடு, கைகளை நெருப்பில் காய்ச்சி, கன்னம் நடுங்க நிற்கிறார்கள். பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைக்கிறது. நாம் இன்று ஓயாது வழங்கும் புலம்பெயர் என்ற சொல் அவ்விடத்திலேயே வருகிறது. அதன்பின் புலவர் ஊருக்குள் போய்விடுகிறார். இடையர்களிடம் திரும்புவதே இல்லை. அவர்கள் எங்கே ஒதுங்கினார்கள், எத்தனை நாள் அந்நெருப்பு அணையாமல் இருந்தது என்பது பாட்டில் கிடையாது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் பல மாரிகளைக் கழித்தார்கள். வெளியேற்றத்தைப் பற்றிக் கவிதைகளும் கதைகளும் வந்துள்ளன, வரவேண்டியவைதான். அவற்றில் நான் வாசித்தவை பெரும்பாலும் புறப்பட்ட நாளிலேயே நின்றுவிடுகின்றன. கிடுகு ஒழுகும் இடத்துக்கெல்லாம் சட்டி வைத்து, பாயைச் சுருட்டி, நனையாத மூலையில் பிள்ளைகளை உட்காரவைத்து விடியும்வரை இருந்த அந்த இரவுகள் இன்னும் எழுத்துக்கு வரவில்லை. அந்த மூலையில் இருந்த பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயது கடந்துவிட்டது.