பழம் காத்திருப்பதில்லை

ஸ்பானிய இயக்குநர் விக்தோர் எரிசே ஐம்பது வருடத் திரைவாழ்வில் எடுத்த முழுநீளப் படங்கள் நான்குதான். மூன்றாவது படம் 'எல் சோல் தெல் மெம்பிரியோ'. 1992இல் கான் விழாவில் நடுவர் குழுவின் பரிசையும் சர்வதேச விமர்சகர்களின் பரிசையும் பெற்றது. கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்தோனியோ லோபெஸ் கார்சியா என்ற ஓவியர் மத்ரித்தில் தன் வீட்டு முற்றத்தில் நிற்கும் சீமைமாதுளை மரத்தை, அதன் மஞ்சள் பழங்களோடு வரைய முயல்கிறார், முடியாமல் போகிறது. இதைச் சொல்லப் படம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது.

சினிமாவுக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவு பற்றிய படம் என்றே இதை விமர்சகர்கள் பேசியிருக்கிறார்கள். அது சரிதான். ஆனால் இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம்: சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரிக்காயை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரைகிறவர்களுக்கான பாடமாக. அப்படி வரைகிறவர்களில் நானும் ஒருவன். வாரநாட்களில் மென்பொருள் ஆலோசனை, ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் பழம். லோபெஸ் உலகறிந்த ஓவியர், நாம் அமெச்சூர்கள். ஆனால் அமெச்சூர் என்ற பிரெஞ்சுச் சொல்லின் வேர், நேசிப்பவர் என்ற பொருளுள்ள லத்தீன் சொல். அந்தப் பொருளில் பார்த்தால் இந்தப் படத்தில் லோபெஸை விடப் பெரிய அமெச்சூர் கிடையாது.

முதலில் தலைப்பு. 'மெம்பிரியோ' என்றால் சீமைமாதுளை. 'சோல்' என்ற ஸ்பானியச் சொல் சூரியனையும் குறிக்கும், வெயிலையும் குறிக்கும். ஆங்கிலத் தலைப்பு சூரியனைப் பிடித்துக்கொண்டது. தமிழில் நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. 'சீமைமாதுளை மரத்து வெயில்' என்று சொன்னால் படத்தின் பாதி விளங்கிவிடும். லோபெஸுக்கு வேண்டியது பழம் மட்டுமல்ல, அந்தப் பழத்தின் மேல் இலையுதிர் காலத்துக் காலையில் சிறிது நேரமே விழும் வெயில். செப்டம்பர் கடைசியில் வந்துபோகும் குறுங்கோடைக்கு ஸ்பானியர்கள் இந்தப் பழத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். படம் தொடங்கும் நாள் 1990 செப்டம்பர் 29.

தொடக்கத்தில் வரைவதே இல்லை. சட்டத்தில் துணியை இழுத்து அடிக்கிறார். ஈஸலை நிறுத்துகிறார். தான் நிற்கும் இடம் மாறிவிடக் கூடாது என்று பாதங்களின் முன்னால் தரையில் ஆணி அடித்துக்கொள்கிறார். கொத்தனார் போலத் தூக்குக்குண்டு கட்டுகிறார், குறுக்கே நூல் இழுக்கிறார். பிறகு தூரிகையால் வெள்ளைச் சாயத்தைத் தொட்டு இலைகளிலும் பழங்களிலும் சிறு கோடுகள் போடுகிறார். ஒவ்வொரு பழமும் எந்த உயரத்தில் இருந்தது என்பதற்கு அந்தக் கோடுகளே சாட்சி. நாட்கள் போகப் போகப் பழம் கனக்கிறது, கிளை தாழ்கிறது, கோடு இறங்குகிறது. அவர் மறுபடி கோடு போடுகிறார். படம் முன்னேற முன்னேற மரம் முழுக்க வெள்ளைக் கோடுகள் பெருகுகின்றன.

இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. ஆனால் பழத்தை நேரில் வைத்து வரைந்தவர் சிரிக்க மாட்டார். மேஜைமேல் உள்ள பழமும் இதே வேலையைத்தான் செய்கிறது, வேகம் மட்டும் வேறு. வெட்டிய ஆப்பிள் தாளில் கோடு போட்டு முடிப்பதற்குள் பழுப்பேறத் தொடங்கிவிடும். அதனால் வெட்டுமுகத்தைத்தான் முதலில் வரைய வேண்டும். வாழைப்பழம் இரண்டு நாளில் புள்ளி விடும். பச்சைப் பேரிக்காய் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மஞ்சளாகியிருக்கும். ஜன்னல் வெயிலில் வைத்தால் அரை மணி நேரத்தில் நிழலின் விளிம்பு வேறிடத்துக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் இந்த ஓவிய வகைக்கு 'அசையா வாழ்வு' என்ற பொருளில் ஸ்டில் லைஃப் என்று பெயர். பிரெஞ்சில் 'செத்த இயற்கை' என்ற பொருளில் நத்யூர் மோர்த். இரண்டு பெயருமே பொய். தட்டில் உள்ள எதுவும் அசையாமலும் இல்லை, செத்தும் போகவில்லை.

இதற்கு இன்று நம் எல்லோரிடமும் சட்டைப்பையில் ஒரு தீர்வு இருக்கிறது. கைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டால் பழத்தைப் பிள்ளைகள் சாப்பிட்டுவிடலாம். நாம் மூன்று மாதம் கழித்துக்கூட வரையலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது நியாயமான வழி. அதன் விலை என்ன என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். கைபேசி நிழலைக் கறுப்பாக மூடிவிடும். நிழலுக்குள் தட்டிலிருந்து எழும்பும் நீலமும் பக்கத்துப் பழத்திலிருந்து கசியும் சிவப்பும் போய்விடும். ஒளி பட்ட இடத்தை வெறும் வெள்ளையாக்கிவிடும். கிட்டத்திலிருந்து எடுத்தால் முன்னால் இருக்கும் பழம் ஊதித் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த நொடியை வரைவது என்ற தீர்மானம் நம் கையைவிட்டுப் போய்விடும். அது நூறில் ஒரு நொடியில் முடிந்துவிட்ட காரியம்.

படத்தில் சீன விருந்தாளி ஒருவர் மொழிபெயர்ப்பாளரோடு முற்றத்துக்கு வருகிறார். புகைப்படத்தின் பேச்சும் எழுகிறது. லோபெஸின் பதில் ஏறக்குறைய இதுதான்: மரத்தின் பக்கத்தில் இருப்பதே தனக்கு முக்கியம், கிடைக்கும் படத்தைவிட அது பெரிது, புகைப்படம் அதைத் தராது. எரிசே இதைப் பெரிய வசனமாக்கவில்லை; உரையாடல் நடுவே போகிறபோக்கில் வருகிறது. ஆனால் படத்தின் முதுகெலும்பு இதுதான்.

லோபெஸின் வழி ஒன்றே வழி என்று நான் நினைக்கவில்லை. பால் செசான் இதே சிக்கலுக்கு வேறு விடை கண்டார். வேலையில் அவ்வளவு மெதுவானவர். ஓவிய வியாபாரி வொலார் தன் உருவப்படத்துக்கு 115 முறை உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறார். அவர் அசைந்தபோது ஆப்பிளைப் போல உட்காரச் சொல்லி செசான் கடிந்துகொண்டாராம். பூக்கள் வாடிவிடும் என்று காகிதப் பூக்களை வைத்து வரைந்தவர். பழங்கள் தாம் நினைத்த கோணத்தில் சாய்ந்து நிற்க அடியில் நாணயங்களைச் சொருகி வைப்பார் என்று நேரில் பார்த்தவர் சொல்லியிருக்கிறார். அவருடைய ஓவியங்களில் துணிக்கு இந்தப் பக்கம் தெரியும் மேஜை விளிம்பும் அந்தப் பக்கம் தெரியும் விளிம்பும் நேர்க்கோட்டில் சேராது. தட்டு மேலிருந்து தெரியும், ஜாடி பக்கவாட்டில் தெரியும். லோபெஸ் பாதத்துக்கு ஆணி அடித்துத் தன்னை நிறுத்திக்கொண்டார். செசானோ தான் அசைந்ததையும் ஓவியத்துக்குள் விட்டுவைத்தார்.

வாரத்துக்கு இரண்டு மணி நேரமே கிடைக்கிற நமக்கு இருவரிடமும் எடுத்துக்கொள்ள இருக்கிறது. லோபெஸிடமிருந்து இடத்தின் ஒழுங்கு: மேஜைக் காலுக்கும் நாற்காலிக்கும் தரையில் ஒட்டுநாடாவால் அடையாளம், திரையை இழுத்துவிட்டு ஒரே பக்கத்திலிருந்து ஒரே விளக்கு. செசானிடமிருந்து அனுமதி: போன வாரம் பச்சையாக இருந்த பேரிக்காய் இந்த வாரம் மஞ்சளானால் இரண்டு வாரமும் ஒரே படத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

படத்தின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. இத்தனை பொறுமைக்கு இடம் கொடுக்கிற வீடு யாருடைய உழைப்பில் நடக்கிறது என்ற கேள்வியை எரிசே தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். வீட்டுக்குள் போலந்திலிருந்து வந்த தொழிலாளர்கள் சுவரைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்; முற்றத்தில் ஒருவர் மரத்தோடு நிற்கிறார். லோபெஸின் மனைவி மரியா மொரேனோவும் ஓவியர், இந்தப் படத்தின் தயாரிப்பும் அவருடையதே. ஆனாலும் அவர் தூரிகையோடு நமக்குத் தெரிவது கடைசிப் பகுதியில், படுத்திருக்கும் கணவரை வரையும்போதுதான். அமெச்சூர்களும் இதை யோசிக்க வேண்டும். ஞாயிறு காலையில் நான் பேரிக்காயின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளையை நீச்சலுக்கு அழைத்துப் போவது யார்?

ஆனாலும் இந்தப் படம் நம்மைப் போன்றவர்களுக்கு ஏன் முக்கியம் என்றால், முடியாத வேலையை அது வேலை என்று ஒப்புக்கொள்கிறது. மழை வருகிறது. பிளாஸ்டிக் விரித்துப் பந்தல் போட்டும் பயனில்லை, வெயிலே இல்லை. தைல வண்ண ஓவியத்தைப் பாதியில் நிறுத்தி உள்ளே வைத்துவிட்டு, லோபெஸ் பென்சிலை எடுக்கிறார். கோட்டுக்கு வெயில் தேவையில்லை. பிறகு பழங்கள் விழத் தொடங்குகின்றன. பென்சில் வரைவும் நின்றுபோகிறது. அவர் முகத்தில் துயரம் பெரிதாக இல்லை. கருவிகளைக் கழற்றி எடுத்து வைக்கிறார்.

என் தொழிலில் பாதியில் நிறுத்திய வேலைக்கு நேர அட்டையில் இடமே இல்லை. வீட்டிலும் நாம் அப்படித்தான் பழகியிருக்கிறோம். டொராண்டோவோ லண்டனோ சிட்னியோ, நம் பிள்ளைகள் கற்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவுநாள் உண்டு: நடனத்துக்கு அரங்கேற்றம், பாட்டுக்குப் பரீட்சை, தமிழுக்குச் சான்றிதழ். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊரை விட்டு வந்த ஒரு சமூகத்துக்குத் தன்னிடம் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று காட்ட மேடை தேவைப்பட்டது. ஆனால் மேடைக்குப் போகாத கலைக்கு நம்மிடம் 'பொழுதுபோக்கு' என்ற சொல்தான் மிஞ்சியிருக்கிறது. லோபெஸின் முற்றத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது. பொழுது எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அங்கே வேலையே.

இது நம் மரபுக்கு அந்நியமும் அல்ல. கொங்கு நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் சித்திரை முதல் நாள் கனி காணும் வழக்கம் உண்டு. முந்தின இரவே தட்டில் மாம்பழம், பலா, வாழை என்று அடுக்கி, பின்னால் கண்ணாடியைச் சாய்த்து வைப்பார்கள். விடியலில் கண் திறந்ததும் முதல் காட்சி அதுதான். அழகாகப் பார்த்துப் பார்த்து அடுக்கும் அந்தத் தட்டுக்குப் பார்க்கப்படுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. பிறகு பழத்தை எல்லோரும் சாப்பிட்டுவிடுகிறார்கள். அந்தத் தட்டு நிலைக்கவில்லையே என்று யாரும் வருந்துவதில்லை.

எரிசேயின் கடைசிக் காட்சிகளில் ஓவியர் தூங்குகிறார். இரவில், விளக்கு வெளிச்சத்தில், ஆளில்லாத ஒரு திரைப்படக் கேமரா மரத்தடியில் நின்று தரையில் கிடக்கும் பழங்கள் அழுகுவதைப் பதிவு செய்கிறது. ஓவியருக்குப் பிடிபடாததைச் சினிமா பிடித்துவிட்டது என்று இதை வாசிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேமராவுக்கு அழுகல் கிடைத்தது. வெயில் அதற்கும் கிடைக்கவில்லை. அதன் முன்னால் இருப்பது மின்விளக்கு. தூங்குகிற ஓவியரின் குரலோ, தான் பிறந்த தொமெய்யோசோ ஊரில் பெற்றோரோடு சீமைமாதுளை மரங்களுக்கு நடுவே நிற்கும் ஒரு கனவைச் சொல்கிறது. அடுத்து வசந்தம் வந்துவிடுகிறது. மரத்தில் புதுக் காய்கள். போன வருடத்து வெள்ளைக் கோடு ஒன்றும் அவற்றின் மேல் இல்லை. வரைவதானால் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும்.