அஞ்சல் பெட்டிக்குள் நாமும் நாங்களும்

போன வருடம் ஒரு பழைய கடிதத்தைத் தேடி, பல்கலைக்கழகத்தில் படித்தபோது கொடுத்த மின்னஞ்சலைத் திறக்கப் போனேன். அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது திரை. உதவிப் பிரிவுக்கு எழுதினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. பட்டம் பெற்றவர்களின் கணக்குகள் மூடப்பட்டுவிட்டன, முன்கூட்டியே அறிவிப்பும் அனுப்பப்பட்டது என்று. அறிவிப்பை எங்கே அனுப்பினார்கள்? நான் திறக்காமல் விட்டிருந்த அதே மின்னஞ்சலுக்குத்தான்.

அதில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் என் முதல் சிறுகதைகளை வரிவரியாகப் படித்து எழுதிய கடிதங்கள். "தம்பி, இந்தக் கதையில மழை எதுக்கு? உனக்கு அழத் தெரியலைன்னா வானத்த அழ வைக்காத" என்று ஒருமுறை எழுதியிருந்தார். அவர் 2021இல் இறந்துவிட்டார். அவர் அனுப்பிய பிரதி அவருடைய கணக்கில் இருக்கும் என்று மகளைக் கேட்டேன். "அப்பா பாஸ்வேர்ட எங்கயும் எழுதி வைக்கலையே தம்பி" என்றார்.

வேலையிடத்தில் இயந்திரங்களின் தரவை மூன்று இடத்தில் நகலெடுத்து வைப்பவன் நான். சொந்தக் கடிதங்களுக்கு ஒரு நகல்கூட எடுக்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. ஆனால் இது எனக்கு மட்டும் நடந்த விபத்து இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

1950களில் கோலாலம்பூரில் 'தமிழ் நேச'னில் வேலை பார்த்த கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் புத்தகமாக வந்தன. கி.ரா. அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார், அதனால் வந்தன. இன்று நம்மில் இரண்டு பேர் அப்படி எழுதிக்கொண்டால் அதை வைத்திருப்பது யார்? நாம் இல்லை, நாம் சந்தித்தே இராத ஒரு நிறுவனம்.

அந்த நிறுவனங்களின் விதிமுறைகளை முழுசாகப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்? இலக்கியப் பிரதியைப் போலவே அவற்றையும் படிக்கலாம். நான் படித்தேன். 2023 மே மாதம் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகள், உள்ளே இருப்பவற்றோடு சேர்த்து நீக்கப்படலாம் என்பது அதன் சாரம். கணக்கு செயலற்றுப் போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும், யாருக்குத் தரவைத் தர வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதியும் அங்கே இருக்கிறது. எனக்குத் தெரிந்த எழுத்தாளர்களில் அதைச் செய்து வைத்தவர் ஒருவரும் இல்லை. விதிமுறையில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அதன் இலக்கணத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் படித்தால்தான் பிடிபடுகிறது. முழுக்க 'நாங்கள்', எதிரே 'நீங்கள்'. நாங்கள் தருகிறோம், நாங்கள் நிறுத்தலாம், நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள். கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் 'நாம்' அங்கே வரவே முடியாது.

இதற்கு மாற்றாக வேறு ஒரு வகை உண்டு. தன்னார்வலர்கள் கூடி நடத்தும் சிறிய குழுக்கள். அமெரிக்காவின் சியாட்டலில் 1999இல் தொடங்கிய ரைஸ்அப், இத்தாலியில் 2001இல் தொடங்கிய ஆட்டிஸ்டிச்சி இரண்டும் தெரிந்த உதாரணங்கள். விளம்பரம் இல்லை, நன்கொடையில் ஓடுகின்றன. இவற்றைப் புனிதமாக்க நான் வரவில்லை. 2004இல் ஆட்டிஸ்டிச்சியின் சர்வரில் இருந்ததைக் காவல்துறை நகலெடுத்துப் போனது, குழுவுக்கே அது அடுத்த ஆண்டுதான் தெரிந்தது. ரைஸ்அப், வெளியே சொல்லக் கூடாது என்ற தடையோடு வந்த இரண்டு எஃப்.பி.ஐ. ஆணைகளுக்கு உட்பட்டதை 2017 பிப்ரவரியில் வெளிப்படுத்தியது. எனக்கு முக்கியமாகப் பட்டது இரண்டு குழுக்களும் அடுத்துச் செய்தது. ஆட்டிஸ்டிச்சி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதை விட்டுவிட்டுப் பல இடங்களுக்குப் பிரித்தது. ரைஸ்அப், தானே நினைத்தாலும் படிக்க முடியாதபடி அஞ்சல் பெட்டிகளை மறையாக்கம் செய்யத் தொடங்கியது. நடந்ததை வெளியே சொல்லிவிட்டு வேலையைத் திருத்திக்கொண்டார்கள்.

கடிதங்களை இழந்த பிறகு, எட்டுப் பேர் கொண்ட எங்கள் வாசகர் வட்டம் இப்படிப்பட்ட ஒரு குழுவுக்கு மாறியது. ஐரோப்பாவில் இயங்குவது. பெயர் வேண்டாம். மின்னஞ்சல், கோப்புகள் வைக்க இடம், சந்தேகம் கேட்க ஒரு முகவரி. இடம் குறைவு, படங்களைக் கொட்ட முடியாது. பதில் வர நாளாகும். முதல் மாதம் எல்லாரும் பெருமையாகப் பேசினோம். நான்காவது மாதம் சேவை இரண்டு நாள் நின்றது. எங்கள் புலனக் குழு கொதித்தது. "என்னடா இது, ஓசியில கெடைக்கிறது இப்படித்தான் இருக்கும்" என்றான் ஒருவன். நான் இன்னும் ஒரு படி மேலே போய், தொலைபேசி நிறுவனத்துக்கு எழுதுவதுபோல ஒரு காரமான புகார் அனுப்பினேன்.

பதில் ஒரு மனிதரிடமிருந்து வந்தது. ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது, பகல் வேலை முடிந்து வந்து இரவில் ஒருவர் மாற்றினார், மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். கடைசியில், உதவிப் பக்கங்களைத் தமிழில் மொழிபெயர்த்துத் தர உங்களில் யாருக்காவது நேரம் இருக்குமா என்று கேட்டிருந்தார். இரண்டு மாதம் நான் பதில் போடவில்லை. வெட்கம்தான் காரணம். எட்டுப் பேரில் அதுவரை நன்கொடை கொடுத்தவர் ஒருவர். அந்த ஒருவர் நான் இல்லை.

நம் சிற்றிதழ்ச் சூழலுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். சம்பளமில்லாமல் இரவில் பிழைதிருத்தி, வடிவமைத்து, சொந்தக் காசில் இணைய இடம் வாங்கி ஒருவர் இதழ் நடத்துகிறார். நாம் இலவசமாகப் படித்துவிட்டு, இந்த மாதம் ஏன் தாமதம் என்று கேட்கிறோம். இதழ் நின்றுபோனால் ஓர் இரங்கல் குறிப்பு எழுதுகிறோம். பெரிய நிறுவனம் நம்மை நுகர்வோராகப் பழக்கிவைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பழக்கத்தை நண்பர்கள் வீட்டுக்கும் கொண்டுபோவது நாம்தான். தன்னார்வக் குழுக்களை விமர்சிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சோர்ந்துபோன நாலு பேரை நம்பி ஓர் ஊரின் இலக்கிய நினைவை வைப்பது ஆபத்து. அதை அவர்களிடமே சொல்லலாம். சொல்பவர் கொஞ்சம் சுமையையும் தூக்க வேண்டும்.

இப்போது வட்டத்தில் ஆளுக்கு மாதம் 10 ரிங்கிட் போடுகிறோம். இரண்டு பேர் இன்னும் தரவில்லை, கேட்டால் "அடுத்த மாசம்லா" என்கிறார்கள். முக்கியமான கடிதங்களை ஒரு ஹார்ட் டிஸ்கிலும் காகிதத்திலும் எடுத்து வைக்கிறோம். ஆசிரியரின் கடிதங்களில் மழையைப் பற்றிய அந்த ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கே ஒரு நண்பனிடம் காட்டிச் சிரிக்க அச்செடுத்திருந்தேன்.

உதவிப் பக்கங்களில் இரண்டை மொழிபெயர்த்து அனுப்பிவிட்டேன். மூன்றாவதில் நிற்கிறேன். இந்தச் சேவை நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று விளக்கும் பக்கம் அது. முதலில் 'நாங்கள்' என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டு 'நாம்' என்று மாற்றினேன். அந்தச் சொல்லை எழுதும் தகுதி வந்துவிட்டதா என்று தெரியவில்லை. முதலில் அந்த இரண்டு பேரிடம் 10 ரிங்கிட்டை வாங்க வேண்டும்.